எட்டடி அலைத்தொட்டி: தருமபுரி மீன்தொட்டிக் கடைல சொல்லி செஞ்சது, எப்படி இருக்கு?

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒரு ஸ்டார் எங்க போச்சுன்னு பின்னாடி விலாவாரியா சொல்றேன். அவசரமா படிக்கறவங்களுக்கு மட்டும் இப்பவே: தாராளமா வாங்கலாம், குடுத்த காசு வீண் போகல, ஆனா கண்ணாடி ஓரத்த நல்லா தேய்ச்சுக் குடுக்கணும்னு அட்வான்ஸ் குடுக்கும்போதே பேசிக்கோங்க.

பொருள் என்னன்னா, எட்டடி நீளம், ஒம்பது இன்ச் அகலம், பதினஞ்சு இன்ச் உயரத்துல ஒரு கண்ணாடித் தொட்டி. ஒரு முனையில தண்ணிய தள்ளி அலை கிளப்பற பலகை, அதுக்கு மோட்டார். மறு முனையில கரைக்கு பதிலா சாய்ச்சு வைக்கற நாலடி கண்ணாடித் தகடு. அலை வந்து அந்தத் தகடு மேல எவ்வளவு உயரம் ஏறுதுன்னு பக்கவாட்டுல இருந்து பாக்கலாம், அவ்வளவுதான் விஷயம். நான் பாலக்கோடு பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில பிசிக்ஸ் எடுக்கறேன். அறிவியல் கண்காட்சிக்குன்னு ஆரம்பிச்சது, இப்ப லேப்ல நிரந்தரமா உக்காந்திருக்கு. எங்க பசங்கள்ல பாதி பேர் கடலையே பாத்ததில்ல, பாத்தவங்களும் டூர்ல போயி ஒரு மணி நேரம் கால் நனைச்சுட்டு வந்தவங்கதான். அலைன்னா போர்டுல போடற சைன் வளைவுன்னு நினைச்சுட்டு இருக்கற பசங்களுக்கு, அது கரைக்கு வந்ததும் என்ன பண்ணுதுன்னு காட்டணும்னு ரொம்ப நாளா ஆசை.

ஆன்லைன்லயும் தேடிப் பாத்தேன். ரிப்பிள் டேங்க்னு ஒண்ணு விக்கறாங்க, மேல இருந்து லைட் அடிச்சு கீழ நிழல் விழுமே அது. ஒளி மாதிரி அலையும் வளையுது, ரெண்டு அலை சேந்தா என்ன ஆகுது, அதுக்கெல்லாம் நல்ல சாமான்தான். ஆனா அதுல தண்ணி ஒரு விரக்கடை ஆழம்கூட இருக்காது, கரை ஏறறத அதுல பாக்கவே முடியாது. காலேஜ் லெவல் அலைத்தொட்டி விக்கற கம்பெனிங்ககிட்ட கொட்டேஷன் கேட்டா, வர்ற தொகையில எங்க லேபுக்கே கூரை மாத்திடலாம். அதனாலதான் உள்ளூர்லயே செஞ்சுக்கலாம்னு முடிவு.

கடை நாலு ரோட்டுல இருந்து நடக்கற தூரம்தான். பேர் போடல, கடைக்காரரே வேணாம்னுட்டார், ஏற்கனவே மண்டபத்துக்கும் ஓட்டலுக்கும் தொட்டி அடிக்கற ஆர்டர் குவிஞ்சு கிடக்குதாம், இதுல வாத்தியாருங்க வேற கியூ கட்டினா தாங்காதுங்கறார். முதல் தடவ போயி விஷயத்த சொன்னதும், "மீன் விட மாட்டீங்களா சார்?"ன்னு கேட்டார். இல்லீங்கண்ணா, வெறும் தண்ணிதான், அத ஆட்டி வேடிக்கை பாக்கப் போறோம்னேன். ஒரு நிமிஷம் என்னையே பாத்துட்டு, பேப்பர எடுத்து அளவு எழுத ஆரம்பிச்சுட்டார். அந்த ஆள்கிட்ட எனக்குப் பிடிச்சது அதுதான், எதுக்கு ஏன்னு நோண்டல, ஆனா தண்ணி எவ்வளவு உயரம் நிக்கும், ஆட்டும்போது எவ்வளவு எகிறும்னு சரியா கேட்டுக்கிட்டார். தண்ணி 13 செமீ தான் நிக்கும்னதும், அப்ப எட்டு எம்எம் கண்ணாடியே தாராளம், பத்து எம்எம் போட்டா உங்க காசுதான் வேஸ்ட்னு அவராவே சொன்னார். விக்கறவங்க வாயில இருந்து இது வர்றது ரொம்ப அபூர்வம்.

தொட்டி மட்டும் ஆறாயிரத்து ஐநூறு. மோட்டார், பலகை, ஸ்டாண்டு எல்லாம் சேத்து பத்தாயிரத்த தொட்டுச்சு, நாங்க மூணு வாத்தியாருங்க பங்கு போட்டுக்கிட்டோம்.

மோட்டார் கார் வைப்பர் மோட்டார், பழைய சாமான் கடையில எடுத்தது. இதுக்கு இத விட பொருத்தமான மோட்டார் கிடையாது, பன்னெண்டு வோல்ட், மெதுவா சுத்தும், தண்ணிய தள்ளற அளவுக்கு தம் இருக்கும், ரெண்டு ஸ்பீடு அதுலயே இருக்கு. கீழ் ஸ்பீடுல ஒரு சுத்துக்கு சுமார் 1.3 செகண்டு, மேல் ஸ்பீடுல சுமார் 0.9 செகண்டு. ஒரு சுத்து ஒரு அலை, அதனால அலையோட கால இடைவெளி அதுவே. கடைக்காரரோட தம்பி வெல்டிங் பட்டறை வச்சிருக்கார், அவர்தான் மோட்டார் சுத்தறத பலகை முன்னும் பின்னும் ஆடறதா மாத்தற கிராங்க் அடிச்சுக் குடுத்தார், அதுல வரிசையா ஓட்ட போட்டிருக்கார், எந்த ஓட்டையில போல்ட் மாட்டறோமோ அதுக்குத் தக்கன பலகை ஆடற தூரம் கூடும் குறையும். நான் கேக்கவே இல்ல, அவரா பண்ணது, ஆனா அது இல்லைன்னா இந்தத் தொட்டியே பாதி வேலைக்கு ஆகாது. மெதுவா ஆட்டினா அலை தானா சின்னதாயிடும், அப்ப தூரத்த கூட்டினாதான் அதே உயர அலை வரும். உயரத்த மாத்தாம நேரத்த மட்டும் மாத்திப் பாக்கறதுதான் இங்க முக்கியமே, ஏன்னு சொல்றேன்.

அலை கரை ஏறற உயரம்னா, தண்ணி சும்மா நிக்கும்போது இருக்கற மட்டத்துல இருந்து, ஏறி நக்கற கடைசிப் புள்ளி வரைக்கும் செங்குத்தா அளக்கற உயரம். பசங்ககிட்ட இது எதப் பொறுத்ததுன்னு கேட்டா எல்லாரும் ஒரே குரல்ல அலை உயரம்ங்கறாங்க. பெரியவங்களும் அதத்தான் சொல்லுவாங்க, டிவி நியூஸ்லயும் அத மட்டும்தான் சொல்றாங்க. அதனால அலை உயரத்த 3 செமீலயே வச்சுக்கிட்டோம். தகட்ட ஆறுக்கு ஒண்ணு சரிவுல, அதாவது கிடைமட்டமா ஆறு போனா ஒண்ணு உயரற மாதிரி சாய்ச்சு, சாக்பீஸ் தூள ஈரத்துணியில குழைச்சு தகடு மேல பூசிக் காய விட்டு, தண்ணியில சொட்டு நீலம் கலந்தாச்சு. அலை ஏறி இறங்கினதும் வெள்ளையில நனைஞ்ச கோடு வளைஞ்சு வளைஞ்சு அப்படியே தெரியும், ஸ்கேல் வச்சு அளந்துக்கலாம். வேகமா ஆட்டினா மூணு செமீக்குள்ள நின்னுச்சு. மெதுவா ஆட்டினா நாலு செமீ தாண்டிப் போச்சு. அலை உயரம் அதேதான். செங்குத்துல ஒரு செமீ சொச்சம்தானேன்னு தோணும், ஆறுக்கு ஒண்ணு சரிவுல அது தகடு மேல ஆறு ஏழு செமீ கூடுதல் ஓட்டம், கண்ணுக்கு நல்லாவே தெரியுது.

இதுக்கு கணக்கு ஒண்ணு இருக்கு. இரிபாரன்னு ஒரு ஸ்பெயின் நாட்டு இன்ஜினியர் பேருல ஒரு எண் சொல்லுவாங்க. அலை உயரத்த அலை நீளத்தால வகுத்து, ஸ்கொயர் ரூட் எடுத்து, அதால கரைச் சரிவ வகுக்கணும். அலை நீளம்னா ஆழ்கடல்ல இருக்கற நீளம், அது கால இடைவெளியோட வர்க்கத்த 1.56 ஆல பெருக்கினா மீட்டர்ல வந்துடும். 1959ல ஹன்ட்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர் சொன்னது, வழவழப்பான சரிவுல உடைஞ்சு ஏறற அலைக்கு இந்த எண்ண அலை உயரத்தால பெருக்கினா ஏறற உயரம் கிடைச்சுடும்னு. எங்க தொட்டிக்கு போட்டா 0.9 செகண்டுக்கு 3.2 செமீ, 1.3 செகண்டுக்கு 4.7 செமீ வருது. எங்களுக்கு ரெண்டுலயும் கொஞ்சம் கம்மியாத்தான் கிடைச்சுச்சு, சின்னத் தொட்டியில உராய்வு நிறைய தின்னுடும், அது எதிர்பாத்ததுதான். பத்தாயிரம் ரூவா தொட்டியில இவ்வளவு நெருக்கமா வந்ததே பெரிய விஷயம்.

அதே கணக்க கடலுக்குக் கொண்டு போங்க. ஒரு மீட்டர் அலை, பத்துக்கு ஒண்ணு சரிவுள்ள கரை. ஆறு செகண்டுக்கு ஒரு தடவ வர்ற சாதாரண காத்தலைன்னா ஏறறது 0.75 மீட்டர். அதே ஒரு மீட்டர் அலை பதினாலு செகண்டுக்கு ஒரு தடவ வந்தா 1.75 மீட்டர். கிடைமட்டமா பாத்தா முதல்ல ஏழரை மீட்டர் உள்ள வந்த தண்ணி இப்ப பதினேழரை மீட்டர் வருது. மணல்ல நிஜத்துல இத விட கொஞ்சம் குறையும், மணல் தண்ணிய குடிக்கும், ஆனா ரெட்டிப்புக்கு மேலங்கறது மாறாது. தூரத்துல இருந்து பாக்கறவனுக்கு அலை நேத்து இருந்த அதே உயரம்தான், பயப்பட ஒண்ணுமில்லன்னு தோணும். தெற்கு இந்தியப் பெருங்கடல்ல எங்கயோ அடிக்கற புயல்ல கிளம்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வந்து, இங்க காத்தே இல்லாத நாள்ல கன்னியாகுமரி கேரளா கரையில ஏறற கள்ளக்கடல் அலைங்க இந்த ரகம்தான், இடைவெளி நீளமான அலைங்க. 2024 மே மாசம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் பீச்ல டூர் போன அஞ்சு மருத்துவ மாணவங்க அலையில சிக்கி செத்துப்போனது ஞாபகம் இருக்கும். ஐதராபாத்ல இருக்கற இன்காய்ஸ்ங்கற மத்திய அரசு கடல் தகவல் நிறுவனம் இதுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை குடுக்கறாங்க, அந்தத் தடவையும் குடுத்திருந்தாங்க. எங்க பள்ளியில இருந்து வருஷா வருஷம் டூர் பஸ் கிளம்புதே, அந்தப் பசங்களுக்கு இத தொட்டியில காட்டிட்டு அனுப்பறதுக்காகவே பத்தாயிரம் போட்டது சரின்னு நான் சொல்லுவேன்.

இன்னொரு சோதனை பசங்கள நல்லா ஏமாத்துச்சு. தகட்ட எடுத்துட்டு செங்குத்தா சுவர் வச்சா தண்ணி அதிகமா ஏறுமா, மூணுக்கு ஒண்ணு சரிவு வச்சா அதிகமா ஏறுமா? கிளாஸ்ல முக்காவாசி பேர் சுவருக்குத்தான் கை தூக்கினாங்க. சுவர்ல மோதின அலை உடையாம அப்படியே திரும்பிப் போகும், 3 செமீ அலைன்னா மட்டத்துக்கு மேல சுமாரா அதே 3 செமீ தான் ஏறும். மூணுக்கு ஒண்ணு சரிவுல அஞ்சு செமீ தாண்டி ஏறிடுச்சு. ஆனா சுவரு நல்லதுன்னு அர்த்தம் இல்ல. சுவருகிட்டயே அலை உடையற ஆழம் அமைஞ்சுட்டா தண்ணி மேல பீய்ச்சியடிக்கும், அது வேற கதை, அதோட சுவருக்கு அடியில எம் சாண்ட் போட்டுப் பாத்தோம், கொஞ்ச நேரத்துல சுவரோரம் பள்ளம் பறிச்சிடுச்சு. கடல் சுவர் சரியறது பெரும்பாலும் இப்படி கால்ல இருந்துதான்.

அலை உடையற விதமும் அந்த எண்ணுலயே அடங்கிடுது. 0.5க்கு கீழன்னா நுரைச்சுக்கிட்டே சோம்பேறியா வந்து சரியும், 0.5ல இருந்து 3.3 வரைக்கும் சுருண்டு குப்புற விழும், அதுக்கு மேலன்னா உடையாமலே வீங்கி ஏறிட்டு இறங்கும். எங்க தொட்டியில சுருளறது அட்டகாசமா வருது, ஃபோன்ல ஸ்லோமோ போட்டு எடுத்தா அலையோட உதடு முன்னாடி வளைஞ்சு, உள்ள ஒரு காத்துக் குழாய் மாட்டிக்கறது வரைக்கும் தெரியும். வேகமா ஆட்டும்போது முதல் அலை ஏறிட்டு இறங்கறதுக்குள்ள ரெண்டாவது வந்து அதுமேல மோதும், எதிர்ல வர்ற தண்ணிய தாண்டி ஏற முடியாம பாதியிலயே செத்துடும். மெதுவா ஆட்டினா முதல் தண்ணி முழுசா இறங்கி வழி விட்டுடும், அடுத்தது தடங்கல் இல்லாம ஏறும். கணக்குல சொன்னது இங்க கண்ணு முன்னாடி நடக்குது. சரியற நுரை அலை மட்டும் வரல, அதுக்கு ரொம்ப படுத்த சரிவு வேணும், எட்டடியில இடம் பத்தாது.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. நம்ம கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பாலிஷ் போடற யூனிட்டுங்களுக்கு வெளிய வெட்டுத்துண்டு மலையா கிடக்கும். அதுல பளபளன்னு ஒரு கருப்புப் பலகைத் துண்டு வாங்கிட்டு வந்து தகடு மேல படுக்க வச்சு அலை விட்டோம். அடுத்து அதே சரிவுல இருபது எம்எம் ஜல்லிய ரெண்டு அடுக்கா பரப்பினோம். ரெண்டும் அதே கல்லுதான், ஒரே ஊரு கல்லுதான். பாலிஷ் கல்லு மேல தண்ணி வழுக்கிட்டு ஏறிடுச்சு, கண்ணாடிக்கும் அதுக்கும் வித்தியாசமே இல்ல. ஜல்லியில பாதிக்குக் கொஞ்சம் மேலதான் ஏறுச்சு, மிச்சத் தண்ணி கல்லு சந்துக்குள்ள பூந்து, அங்கயே சுத்தி, கீழ வழிஞ்சு போயிடுச்சு. ஐரோப்பாவுல கடல் தடுப்பு கட்டறவங்க பயன்படுத்தற கையேட்டுல வழவழப்பான சரிவுக்கு 1, ரெண்டு அடுக்குக் கல்லுக்கு 0.55, கல்லுக்கு அடியிலயும் தண்ணி பூற மாதிரி கட்டியிருந்தா 0.40ன்னு பெருக்கச் சொல்லியிருக்காங்க. கடலோரத்துல அழகுக்கு வழவழன்னு சிமெண்ட் சரிவு போடாம முரட்டுக் கல்ல கன்னாபின்னான்னு கொட்டி வச்சிருக்காங்களேன்னு யோசிச்சிருந்தா, காரணம் இதுதான், அந்த சந்துக்குதான் காசு. மும்பை மரைன் டிரைவ்ல கிடக்கற நாலு கால் காங்கிரீட் சாமான், டெட்ராபாட், அதுவும் சந்து நிறைய கிடைக்கணும்னுதான், 1950ல பிரான்ஸ்ல கண்டுபிடிச்சது. அது ரெண்டு மூணு சிமெண்ட்ல வார்த்துக் குடுக்க முடியுமான்னு பட்டறைத் தம்பிகிட்ட கேட்டிருக்கேன், மோல்டு அடிக்கணும் பாக்கலாம்னார்.

ஜல்லி சோதனை நடக்கும்போது பின்னாடி பெஞ்சுல இருந்து ஒரு பையன், சார் எங்க ஏரிக்கரை உள்பக்கமும் கல்லு பதிச்சிருக்காங்களே அதுவும் இதுக்குத்தானான்னான். அதேதான்டா. கடல் இல்லாத ஊருன்னு நாம சொல்லிக்கறோம், ஆனா பாரூர் பெரிய ஏரி, இங்க ராமக்காள் ஏரி, தண்ணி நிறைஞ்ச வருஷத்துல ஆடிக் காத்துல போயி கிழக்குக் கரையில நின்னு பாருங்க. மேற்கு காத்து ஏரி முழுக்க ஓடி வந்து தள்ளினா ஒரு ஜாண் உயரத்துக்கு அலை எழும்பி கரையில ஏறும். அலை சின்னதுதான், ஆனா ஏரிக்கரையோட உள் சரிவு கடற்கரைய விட ரொம்ப செங்குத்து, அதனால தன் உயரத்த விட அதிகமா ஏறிடும். கல்லு இல்லாத மண்கரைய அது தினமும் கொஞ்சம் கொஞ்சமா கரைக்கும். நிறைஞ்ச மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் நடுவுல இடைவெளி விட்டுத்தான் கரை கட்டுவாங்க, அந்த இடைவெளிய முடிவு பண்றதுல காத்து, காத்து ஓடற தண்ணி நீளம், அலை ஏறற உயரம் எல்லாம் கணக்குல வருது, மண் அணைக்கு இதுக்குன்னே இந்தியத் தரநிர்ணயம் இருக்கு, ஐஎஸ் 10635. அடுத்த வாரம் அந்தப் பையன் ஏரிக்கல்லுல காஞ்ச பாசிக்கோட்ட ஃபோட்டோ எடுத்துட்டு வந்து காட்டினான், தண்ணி மட்டத்துல இருந்து முழங்கால் உயரத்துக்கு மேல இருந்துச்சு.

சின்னத் தொட்டி, இதெல்லாம் நிஜத்துக்கு பொருந்துமான்னு பக்கத்து கிளாஸ் வாத்தியார் ஒருத்தர் கேட்டார். பொருந்தும், கணக்கோட. நீளத்த நூத்துல ஒண்ணா சுருக்கினா நேரத்த பத்துல ஒண்ணா சுருக்கணும். எங்க 3 செமீ, 0.9 செகண்டு அலை, கடல்ல 3 மீட்டர், 9 செகண்டு அலை. 1958 ஜூலை 9ல அலாஸ்காவுல லிட்டூயா குடாவுக்குள்ள மலைச்சரிவு விழுந்து எதிர் மலையில 524 மீட்டர் உயரத்துக்கு தண்ணி ஏறுச்சு. அலையே அவ்வளவு உயரம்னு யூடியூப்ல அடிச்சு விடறாங்க, இல்ல, அது சரிவுல ஏறின உயரம். அத பின்னாடி ஜூரிச்ல 675ல ஒரு பங்கா சுருக்கித் தொட்டியில செஞ்சு பாத்து, ஏறின உயரம் ஒத்து வருதுன்னு காட்டினாங்க. ஒரே ஒரு எச்சரிக்கை, அலை ரொம்ப சின்னதாயிட்டா தண்ணியோட மேற்பரப்பு இழுவிசை குறுக்க வந்து கணக்க கெடுத்துடும், அந்த அளவுக்கு சின்னதாக்காதீங்க.

சரி, குறைக்கு வர்றேன். முதல் குறை தொட்டியோடது இல்ல, நீளத்தோடது. இந்த ஆழத்துல அலை ஒரு முனையில இருந்து மறு முனைக்கு ரெண்டு செகண்டு சொச்சத்துல போயிடுது, கரையில பட்டுத் திரும்பி வந்து பலகையில மோதி மறுபடி கிளம்புது, கொஞ்ச நேரத்துல எல்லாம் கலந்து ஒரே கும்மாளம், சுவர் வச்சிருந்தா தண்ணி வெளியவே கொட்டும். அதனால மோட்டார் போட்டதும் முதல் மூணு நாலு அலைய மட்டும் அளந்துட்டு நிறுத்தி, தண்ணி அடங்கினதும் மறுபடி போடணும். பலகைக்குப் பின்னாடி ஏர் கூலர் பேட வெட்டி சொருகினதுல அந்தப் பக்கக் குலுக்கல் அடங்குச்சு. நெதர்லாந்துல டெல்ஃப்ட்ல இருக்கற தொட்டி 300 மீட்டர் நீளம், ஒம்பதரை மீட்டர் ஆழம், அங்க திரும்பி வர்ற அலைய பலகையே உணர்ந்து அதுக்குத் தக்கன அசைஞ்சு விழுங்கிடும். நம்ம சென்னை ஐஐடியிலயும் எழுபது மீட்டருக்கு மேல நீளத்துல ஒண்ணு இருக்கு. எட்டடிக்கு எட்டடிதான்.

ரெண்டாவது, வைப்பர் மோட்டார் ஒரே தாளத்துல ஆட்டும், நிஜக் கடல் அப்படி ஆட்டாது. அங்க சின்னதும் பெருசும் கலந்து வரும், அதனாலதான் கரை கட்டறவங்க சராசரிய எடுக்கறதில்ல, நூறு ஏற்றத்துல ரெண்டு மட்டும் தாண்டற உயரம் எதுவோ அத எடுக்கறாங்க. அதாவது கரையில நிக்கறவனுக்கு நாப்பத்தொம்பது அலை கால் விரல்கிட்ட நின்னுட்டு ஐம்பதாவது இடுப்புக்கு வரலாம். இத காட்ட நூத்தி எண்பது ரூவாய்க்கு ஒரு ஸ்பீடு கன்ட்ரோல் போர்டு வாங்கி மாட்டி, ஒரு பொண்ணு குமிழ இஷ்டத்துக்குத் திருக, இன்னொரு பொண்ணு ஒவ்வொரு அலையும் ஏறினத நோட்டுல குறிச்சுட்டே வந்துச்சு. விஞ்ஞான சுத்தமான சோதனை கிடையாது, ஆனா வரிசையா சின்னச் சின்னதா வந்துட்டிருந்தது திடீர்னு ஒண்ணு தகட்டத் தாண்டி மேஜையில ஊத்தினப்ப, பக்கத்துல நின்ன அத்தன பேரும் ஒரே நேரத்துல பின்னாடி குதிச்சாங்க.

இனி கடை மேல உள்ள குறை, அந்த ஒரு ஸ்டார். ஒரு வாரத்துல தர்றேன்னவர் கண்காட்சிக்கு முந்தின சாயந்தரம்தான் குடுத்தார். நடுவுல ஃபோன் போட்டா எடுக்கவே மாட்டார், நேர்ல போனா டீ வாங்கிக் குடுத்து நாளைக்குங்கறார், கோபப்படவும் முடியல. சிலிகான் ஒட்டினது அப்பத்தான், வினிகர் வாசம் லேப் முழுக்க, காயறதுக்கு முழுசா ரெண்டு நாளாவது விடணும், எங்களுக்கு ஒரு ராத்திரிதான் கிடைச்சுச்சு, ஒழுகாம தாங்கினது சாமி புண்ணியம். மேல் குறுக்குப் பட்டைய மீன்தொட்டிக்கு வைக்கற வழக்கத்துல தகடு சாயற இடத்துலயே நட்ட நடுவுல ஒட்டிட்டார், தகட்ட இறக்கவே முடியல, அப்புறம் வந்து அறுத்து இடம் மாத்தி ஒட்டினார், அதுக்கு காசு கேக்கல. பெரிய குறை கண்ணாடி ஓரம். மேல் விளிம்ப தேய்க்காம அப்படியே குடுத்துட்டார். வீட்டு மீன்தொட்டின்னா மேல மூடி வந்துடும், இது பசங்க நாள் முழுக்க கைய விட்டு எடுக்கற தொட்டி. ஒரு பையன் விரல்ல கீறினதுக்கப்புறம் பைக் டியூப நீளமா கிழிச்சு விளிம்பு முழுக்க மாட்டிட்டோம். அழகு போச்சு, கை தப்பிச்சுச்சு.

மத்தபடி கண்ணாடி சுத்தமான கண்ணாடி, நெளிவு இல்லாம நேரா இருக்கு, ஃபோன்ல எடுக்கும்போது உருவம் வளையறதில்ல. ஸ்டாண்டு முதல்ல ஆடுச்சு, காலுக்கு ரப்பர் போட்டதும் நின்னுடுச்சு. இத்தன மாசத்துல ஒரு சொட்டு கசியல. பராமரிப்பு ஒண்ணும் பெருசா இல்ல, போர் தண்ணி விடாதீங்க, நம்ம ஊரு உப்பு கண்ணாடியில வெள்ளையா படிஞ்சு சாக்பீஸ் கோடு எது உப்புக் கோடு எதுன்னு தெரியாமப் போயிடும், மழைத்தண்ணி இல்லன்னா கேன் தண்ணி. 13 செமீ ஆழத்துக்கு சுமார் எழுபது லிட்டர் பிடிக்கும்.

ஆர்டர் குடுக்கறதா இருந்தா சொல்ல வேண்டியது: விளிம்பு தேய்ச்சு, குறுக்குப் பட்டை பலகைப் பக்கம் மட்டும், கிராங்க்ல ஓட்டை வரிசை, நமக்கு வேணும்ங்கற நாளுக்கு பத்து நாள் முன்னாடியே டெலிவரி தேதி. இடம் இருக்கற பள்ளியா இருந்தா பன்னெண்டு அடியா கேளுங்க, ரெண்டு துண்டா செஞ்சு ஒட்டித்தான் தர முடியும்னார், நுரை அலையையும் அதுல பாத்துடலாம். எட்டடிக்கே குட்டியானையில பின் கதவ திறந்து போட்டுத்தான் ஏத்தினோம், ஒரு அடிக்கு வெளிய நீட்டிட்டு இருந்துச்சு, வெறும் கண்ணாடியே அம்பது கிலோ, பின்னாடி ரெண்டு பேர் உக்காந்து புடிச்சுட்டே வரணும். டெலிவரி கடையில பண்ண மாட்டாங்க, வண்டி நாமளே பேசிக்கணும்.